விடை பின்பக்கம்

அவனியாபுரம்
10.8.2025

ஜெனிஷா,

உன் கடிதம் வந்தது. உறையைக் கீறித் திறந்து மறுபடி செலோடேப் ஒட்டியிருந்தது. வார்டன் அற்புதமேரி டீச்சர் உள்ளே வரும் கடிதங்களை மட்டும்தான் படிப்பார் என்று நினைத்திருந்தேன். வெளியே போவதையும் படிக்கிறார் போல. டீச்சருக்கு என் வணக்கம்.

உன் அப்பாவுக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்து, நீ ஹாஸ்டலில் சேர்ந்ததிலிருந்து போன் இல்லை என்று புலம்புகிறாய். எனக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. போனில் நான் என்ன பேசியிருப்பேன்? நீ ஹலோ ஹலோ என்பாய், நான் ம் என்பேன். எழுதினால்தான் எனக்கு வாய் வருகிறது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். விஜய்ஆனந்த் அண்ணே பட்டறை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. டி-ஷர்ட்டில் எழுத்தும் படமும் அடிக்கிறோம். கபடி டீம், கட்சி மாநாடு, காதுகுத்து, எல்லாவற்றுக்கும் இப்போது டி-ஷர்ட்தான். அழகுபாண்டி அண்ணே துணி கட்டிய ஃப்ரேமைச் சட்டையின் மேல் வைத்து, மையை ரப்பர் பட்டையால் இழுப்பார். எடுத்துக் காயப்போடுவது, அடுக்குவது, மடிப்பது என் வேலை. எழுந்து நின்று பேசு என்று யாரும் சொல்வதில்லை.

நேற்று மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. கொடுக்க வேண்டிய ஆர்டர் பாதியில் நின்றது. விஜய்ஆனந்த் அண்ணே முருகன் படத்துக்கு முன்னால் போய்க் கை கூப்பி நின்றுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பாப்பா ஊமைச் சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல" என்றார் அழகுபாண்டி அண்ணே. அவரிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ரஃப் நோட்டில் எழுதுவோமே, அதே வழக்கம்தான். கேள்வி இந்தப் பக்கம், விடை தாளின் பின்பக்கம். யோசிக்காமல் திருப்பக் கூடாது.

1. மின்தடை வந்ததும் முதலாளி ஏன் சாமி கும்பிட்டார்?

2. மந்த வாயு ஏன் யாரோடும் சண்டை போடுவதில்லை?

இரண்டாவதை யோசித்து ஒரு வருஷம் ஆகிறது. போன ஆகஸ்டில், பிளஸ் ஒன் வேதியியல் செமினாரில், எனக்கு 'மந்த வாயுக்கள்' என்று சீட்டு விழுந்ததே, அன்றைக்கு. போர்டுக்கு முன்னால் நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. பின்னால் இருந்து யாரோ "பாடத்துக்கு ஏத்த ஆளுதான்டி, மந்தம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அங்கே நின்றுகொண்டேதான் இதை யோசித்தேன். சொல்லியிருந்தால் வேறு மாதிரி சிரித்திருப்பார்கள். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் வரவில்லை.

இதை யாருக்கும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில்.

ரம்யாஸ்ரீ

(பின்பக்கம்)
1. மின்தடையின் அலகு ஓம்!
2. நமக்கெதுக்கு வினை!


பசுமலை
24.8.2025

அடியே ரம்யா,

ஓம் ஜோக்குக்குச் சாப்பாட்டு ஹால்ல நான் சிரிச்ச சிரிப்புல ரசம் மூக்குல ஏறிருச்சு. வார்டன் ஓடிவந்து "என்ன சத்தம்?"னாங்க. என்ன சத்தம்னு அவங்களுக்குத் தெரியாதா? லெட்டரைப் படிச்சிட்டுத்தான என் கையில தந்தாங்க! ஆனா மூஞ்சிய மட்டும் ஃப்ரிட்ஜ்ல வச்ச மாவு மாதிரி வச்சிருந்தாங்க. (டீச்சர், இதையும் படிப்பீங்கன்னு தெரியும். மன்னிச்சுக்கோங்க.)

மந்த வாயுவைப் படிச்சிட்டுச் சிரிக்கவும் முடியல, சிரிக்காம இருக்கவும் முடியல. அன்னைக்கு நம்ம பெஞ்சுலருந்து உன் முதுகை மட்டும்தான் பாத்தேன். அம்புட்டு நேரம் நீ இதையா யோசிச்சிக்கிட்டு நின்ன?

ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை சயின்ஸ் கிளப். சூரியபிரகாஷ் சார் "பாடம் வேணாம், யாராவது எதையாவது சொல்லுங்க"ன்னாரு. ஒருத்தியும் வாயத் தொறக்கல. நான் எந்திரிச்சு ஓம் ஜோக்கைச் சொன்னேன். சார் கையில இருந்த சாக்பீஸ் கீழ விழுந்துருச்சு, அப்படிச் சிரிச்சாரு. தமிழ்வாணி இருக்காள்ல, எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க், அவளே திரும்பி என்னைப் பாத்தா. பன்னெண்டு வருஷத்துல அவ என்னைத் திரும்பிப் பாத்தது இதான் முதல் தடவை.

இன்னும் நாலஞ்சு அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. கணக்குலயும் வேணும்.

ஜெனி


அவனியாபுரம்
7.9.2025

ஜெனிஷா,

சார் சிரித்ததை இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு இது எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறோம். தமிழ் எனக்குத் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் கிடைத்தது. முடுக்கு என்றால் எங்கள் பழைய வீடு இருந்த சந்து. முடுக்கம் என்ற வார்த்தை பின்னால் அறிவியல் புத்தகத்தில் வந்தது. ஒரு புது வார்த்தை வந்தால் அதன் பக்கத்தில் பழைய வார்த்தை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடம் ஏறவில்லை, இதுதான் ஏறியது. அம்மாவிடம் சௌராஷ்டிரத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. "யாருக்குக் கரண்ட் போச்சு?" என்று கேட்டாள். அதனால் உன்னை விட்டால் இதற்கு ஆள் இல்லை.

1. பகா எண் வீட்டில் ஏன் பாகப்பிரிவினைச் சண்டை வருவதில்லை?

2. முடுக்குக்குள் போன ஷேர் ஆட்டோ ஏன் வேகமெடுத்தது?

3. சட்னியில் விழுந்த லிட்மஸ் தாள் ஏன் நீலமானது?

4. ஒன்பதுக்கு ஏன் வரன் தட்டிக்கொண்டே போகிறது?

நான்காவதற்கு சார் விளக்கம் கேட்டால், ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று என்று சொல். பெண்ணுக்கு மூல நட்சத்திரம் என்றால் எங்கள் தெருவில் ஜாதகத்தைக்கூடக் கையில் வாங்க மாட்டார்கள்.

நீ கிளப்பில் சொன்னபோது, இது யார் யோசித்தது என்று யாராவது கேட்டார்களா? சும்மா கேட்கிறேன்.

ரம்யாஸ்ரீ

(பின்பக்கம்)
1. பங்கு கேட்க ஆளே இல்லை!
2. முடுக்கம் கூடிருச்சு!
3. காரம் ஜாஸ்தி!
4. அதுக்கு மூலம்!


பசுமலை
21.9.2025

ரம்யா,

நாலாவது ஜோக் என்னடி? வார்டன் கேள்வியையும் அதுக்குக் கீழ நீ எழுதுனதையும் கறுப்பு ஸ்கெட்ச்சால அடிச்சுட்டாங்க. ஓரத்துல சிவப்புல "இது வேண்டாம்"னு எழுதியிருக்காங்க. ஆனா பின்பக்கத்தை அடிக்க மறந்துட்டாங்க. "அதுக்கு மூலம்!"னு மட்டும் இருக்கு. எதுக்கு மூலம், யாருக்கு மூலம்னு தெரியாம நாலு நாளா மண்டை காயுது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், எழுத்துத் தெரியல. மறுபடி எழுதாத, மறுபடி அடிப்பாங்க.

மத்த மூணும் சூப்பர். காரம் ஜோக்குக்கு கெமிஸ்ட்ரி லேபே ஆடுச்சு. பகா எண்ணை மட்டும் தமிழ்வாணி "டெக்னிக்கலா ஒன்றால் வகுக்கலாமே"ன்னா. நான் "ஒண்ணு வந்து வகுத்தா எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டுப் போயிரும், அது பங்காளி இல்ல, நல்ல மனுஷன்"னேன். அதுக்கும் சிரிச்சாளுக!

சில்ரன்ஸ் டேக்கு ஸ்கூல்ல பெரிய எக்ஸிபிஷன் வருது. அதுல எனக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க. விவரம் அப்புறம் சொல்றேன். நீ கேட்டதுக்கும் அடுத்த லெட்டர்ல எழுதுறேன், பிரேயர் பெல் அடிச்சிருச்சு.

ஜெனி


அவனியாபுரம்
8.10.2025

ஜெனிஷா,

நேற்று பட்டறைக்கு ஒரு ஆர்டர் வந்தது. உங்கள் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு வாலண்டியர் பிள்ளைகளுக்கான டி-ஷர்ட். முன்னால் கேள்வி, பின்னால் விடை. ஐந்து கேள்விகள். டைப் அடித்த தாளின் மேலே "சிந்தனையும் ஆக்கமும்: த. ஜெனிஷா, பன்னிரண்டாம் வகுப்பு" என்று இருந்தது.

உனக்கு இது எங்கள் பட்டறை என்று தெரிந்திருக்காது. உங்கள் சார் விலை விசாரித்து வந்திருக்கிறார்.

அழகுபாண்டி அண்ணே தாளை வாங்கி எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். படிக்கப் படிக்கச் சிரித்தார். "இந்தப் பிள்ளைக்கு மூளையப் பாரு பாப்பா. உன் வயசுதான இருக்கும்" என்றார். நான் ம் என்றேன்.

நான்கை நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஐந்தாவது மந்த வாயு. அதை எங்கே நின்று யோசித்தேன் என்று உனக்கு மட்டும் எழுதினேன். அன்றைக்குச் சிரித்த அதே பிள்ளைகள் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார்கள். சட்டையைக் காயப்போட்டு மடித்துக் கொடுக்கப் போவது நான்.

பள்ளிக்கூடத்தில் இருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இது ஒன்றுதான். மார்க் ஷீட்டைக்கூட அம்மாதான் போய் வாங்கினாள்.

இந்தக் கடிதத்துக்குப் பின்பக்கம் இல்லை.

ரம்யாஸ்ரீ


பசுமலை
14.10.2025

ரம்யாஸ்ரீ,

மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதுறேன்.

முதல் நாள் ஓம் ஜோக்கைச் சொல்லி முடிச்சதும் சார் "நீயே யோசிச்சதா?"ன்னாரு. இல்ல சார்னு வாயத் தொறந்தேன். உன் பேரைச் சொன்னா என்ன நடக்கும்? "எந்த ரம்யா? ஓ, அந்த மந்தமா?"ன்னு கேப்பாளுக. அதை என் காதால கேக்கப் பிடிக்கல. ஸ்கூலை விட்டு நின்னப்புறம் நீதான சொன்ன, யாராவது என்னைப் பத்திக் கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருன்னு? ஒரு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் எழுதிர்றேன். எல்லாரும் என்னைப் பாத்தது எனக்கு நல்லா இருந்துச்சு. நான் ஓட்டத்துலயும் இல்ல, பாட்டுலயும் இல்ல, மார்க்குல கேக்கவே வேணாம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் சொல்லணும் சொல்லணும்னு நினைச்சு, சொல்றதுக்கு ரொம்ப லேட்டாப் போச்சு. இந்த டைப் அடிச்ச தாள் நான் குடுத்தது இல்ல. சார் குடுத்தது. ஆனா நான் பாத்தேன், பாத்துட்டுச் சும்மா இருந்தேன்.

ஆனா நீயும் ஒண்ணு செஞ்சதான? மறுநாள் நீ வரல. காய்ச்சல்னு நினைச்சேன். அதுக்கு அடுத்த நாளும் வரல. உனக்காக நோட்ஸ் எழுதி வச்சேன், ரெண்டு வாரம், கார்பன் வச்சு. ஒருநாள் உங்க அம்மா ஆபீஸ் ரூம்ல டி.சி. வாங்கிட்டு நிக்கிறதைப் பாத்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். ஆறாவதுலருந்து உன் பக்கத்துல உக்காந்தவ நான். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லல. பெஞ்சுல பாதி காலி, அதுல என் பையை வச்சுக்கிட்டேன்.

கோவம் உனக்கு மட்டும் இல்ல.

ஜெனிஷா


பசுமலை
6.11.2025

ரம்யாஸ்ரீ,

நீ பதில் போடல. பதிலுக்குச் சட்டை வந்திருக்கு.

பண்டலைப் பிரிச்சதும் தமிழ்வாணிதான் பாத்தா. லிட்மஸ் தாள் ஏன் நீலமானது? முதுகுல "நமக்கெதுக்கு வினை!" பகா எண் வீட்டுல ஏன் சண்டை வரல? முதுகுல "மின்தடையின் அலகு ஓம்!" கரண்ட் போனதும் முதலாளி ஏன் கும்பிட்டார்? "முடுக்கம் கூடிருச்சு!" ஒண்ணு கூடச் சரி இல்ல, எல்லாம் தப்பு. எல்லாரும் சிரிச்சாளுக. அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும்.

சார் உங்க பட்டறைக்குப் போன் போட்டுக் கத்துனாரு. அடுத்த வியாழக்கிழமை எல்லாத்தையும் திருப்பி அனுப்பப் போறாரு. எக்ஸிபிஷன் வெள்ளிக்கிழமை, 14-ம் தேதி. யூனிஃபார்மோட நிக்கணும்.

இதை நீ வேணும்னே செஞ்ச. என்னைக் கூட்டத்துல நிக்க வைக்கணும்னு செஞ்ச. நல்லா நின்னேன், சந்தோஷமா?

ஜெனிஷா


அவனியாபுரம்
9.11.2025

ஜெனிஷா,

வேண்டுமென்று செய்யவில்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

ஐந்து கேள்விக்கும் முதலில் முன்பக்கம் அடித்தோம். காய்ந்ததும் கேள்வி வாரியாக ஐந்து கட்டாக வைத்து, ஒவ்வொரு கட்டின் மேலும் அதன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று வைத்தேன். பிறகு ஒன்றாம் கட்டு மேலே, ஐந்தாம் கட்டு அடியில் வரும்படி ஒரே அடுக்காக அடுக்கினேன். எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

பின்பக்கம் அடிப்பதற்கு அடுக்கை அப்படியே கவிழ்க்க வேண்டும். நானும் அழகுபாண்டி அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தோம். இப்போது ஐந்தாம் கட்டு மேலே வந்தது. ஆனால் அதன் மேல் இருந்த சீட்டு அதற்கு அடியில் போய்விட்டது. அதாவது நான்காம் கட்டின் தலையில் ஐந்தாம் நம்பர் சீட்டு. மூன்றாம் கட்டின் தலையில் நான்கு. இப்படியே எல்லாம் ஒன்று தள்ளிப்போய்விட்டது. மேலே இருந்த கட்டுக்குச் சீட்டே இல்லை. மிச்சம் ஒன்றாம் விடைதான் என்று அதற்கு அதை அடித்துவிட்டோம்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு சட்டையைத் திருப்பிக் கேள்வியைப் பார்த்துவிட்டுத்தான் விடை ஃப்ரேமை எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு அந்தக் கேள்விகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சீட்டை மட்டும் பார்த்தேன். அதனால் வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் உன்மேல் இருந்த கோபத்தில்தான் நடந்தது. இரண்டும் ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

விஜய்ஆனந்த் அண்ணே கத்தவில்லை. "சட்டை திரும்பி வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன் தாயி. தப்பா எடுத்துக்காத" என்றார். வேறு இடத்தில் வேலை கேட்க வேண்டும் என்றால் அங்கே போய் நின்று முதலில் பேச வேண்டும். எனக்கு அதுதான் பயம். இங்கே அம்மா வந்து பேசிச் சேர்த்துவிட்டாள்.

இதை உன்னிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

நோட்ஸ் எழுதி வைத்தாய் என்று எனக்குத் தெரியாது.

ரம்யாஸ்ரீ


பசுமலை
16.11.2025

ரம்யா,

இதை நிதானமா எழுதணும்னு ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன்.

உன் லெட்டர் புதன்கிழமை வந்துச்சு. வார்டன் அதுக்கு டேப்பே ஒட்டல. திறந்தபடி கையில தந்துட்டு "படி"ன்னு மட்டும் சொன்னாங்க. படிச்சேன்.

வியாழக்கிழமை காலையில பண்டலைக் கட்டுறதுக்கு முன்னால சார், "ஒருதடவை போட்டுப் பாருங்க, சைஸ் சரியான்னு குறிச்சு அனுப்பிருவோம். எக்ஸிபிஷன் முடிஞ்சு மறுபடி அடிச்சுத் தர்றப்ப அதுலயும் தப்பு வரக் கூடாது"ன்னாரு. பிரேயர் கிரவுண்ட்ல அஞ்சஞ்சு பேரா, கேள்வி நம்பர்படி வரிசையா நிக்க வச்சாரு. எனக்கு அஞ்சாவது, மந்த வாயு. எனக்கு முன்னால நாலாவது சட்டையில தமிழ்வாணி. நிமிந்து பாக்குறேன், அவ முதுகுல என் மூஞ்சிக்கு நேரா "நமக்கெதுக்கு வினை!"

என் கேள்விக்கு விடை, ரம்யா. என் கண்ணுக்கு முன்னாலயே.

வரிசையை விட்டு வெளிய வந்து பாத்தேன். அவ கேள்விக்கு விடை அவளுக்கு முன்னால நிக்கிறவ முதுகுல. அவளுக்கும் அப்படியே. நீ எழுதியிருந்தேல்ல, ஒண்ணு தள்ளிப்போச்சுன்னு, அதேதான். முதல்ல நின்ன பிள்ளைக்கு மட்டும் முன்னால ஆள் இல்ல. அவளை இழுத்துட்டு வந்து எனக்குப் பின்னால நிக்க வச்சேன். பகா எண் வீட்டுல ஏன் சண்டை வரல? என் முதுகுல "பங்கு கேட்க ஆளே இல்லை!" வட்டம் போட்டு நின்னா ஒண்ணு விடாமச் சரி.

சார் "வரிசையக் குலைக்காத, என்ன பண்ற?"ன்னாரு. நான் "சார், சட்டை தப்பு இல்ல. இப்படித்தான் அடிச்சிருக்கு. ஒருத்தி கேள்விக்கு விடை அடுத்தவ முதுகுல. பாக்க வர்றவங்க தேடிக் கண்டுபிடிக்கணும்"னேன். சார் வரிசைக்கு முன்னாலயும் பின்னாலயும் நடந்து நடந்து பாத்தாரு. "இது யார் ஐடியா?"ன்னாரு.

"ரம்யாஸ்ரீ ஐடியா சார். டி-ஷர்ட் பட்டறையிலதான் வேலை பாக்குறா. ஜோக்கும் அவளோடதுதான். அஞ்சும் அவளோடது. என்னோடது எதுவும் இல்ல."

"எந்த ரம்யாஸ்ரீ?"ன்னா தமிழ்வாணி.

"மந்த வாயு செமினார்ல நின்னாளே, அவ. அங்க நின்னுக்கிட்டுதான் இதை யோசிச்சா"ன்னு என் நெஞ்சைத் தொட்டுக் காமிச்சேன். யாரும் சிரிக்கல. தமிழ்வாணி கேள்வியை மறுபடி படிச்சா. அப்புறம் தரையைப் பாத்தா. அன்னைக்குப் பின்னால இருந்து சொன்னது அவ இல்ல, ஆனா அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேனான்னு இப்ப வரைக்கும் யோசிக்கிறேன். சிரிக்கலன்னுதான் நினைக்கிறேன்.

சார் பண்டலைக் கட்ட வேணாம்னுட்டாரு. சட்டையைத் திருப்பி அனுப்பல.

வார்டன்கிட்டப் போய் நானே சொன்னேன். அவங்க பால் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாங்க. தலையத் தூக்காமலே, "தெரியும். லெட்டர் பூராவும் நான்தான படிக்கிறேன். கிளப்புல நீ முதல் தடவை கை தட்டு வாங்கினப்பவே தெரியும்"னாங்க. ஏன் டீச்சர் கேக்கலன்னேன். "படிக்கிறதுதான் என் வேலை. பதில் எழுதுறது உன் வேலை"ன்னாங்க. அந்தக் கறுப்பு ஸ்கெட்ச் அடிச்ச ஜோக் என்னன்னும் கேட்டுப் பாத்தேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க. ஆனா சிரிச்சாங்க! பல் தெரிஞ்சுது!

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். சில பேரு எங்களைச் சுத்திச் சுத்தி வந்து விடையத் தேடுனாங்க. சில பேரு "ஏம்மா தப்பா அடிச்சுப் போட்டிருக்கீங்க"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. வாசல் சார்ட்ல என் பேரை அடிச்சுட்டு உன் பேரை நானே எழுதினேன். பெருசா எழுதினேன்.

வார்டன் பட்டறைக்குப் போன் போட்டு உன்னை வரச் சொன்னாங்களாம். நீ வரலன்னு நினைச்சேன். சாயங்காலம் வாட்ச்மேன் தாத்தா சொல்றாரு, நீலச் சுடிதார் போட்ட பிள்ளை கேட்டுப் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னுச்சுன்னு. நான் ஓடி வந்து பாத்தேன். நீ இல்ல.

ஜெனி


அவனியாபுரம்
23.11.2025

ஜெனி,

நீலச் சுடிதார் நான்தான்.

கேட் வரை வந்தேன். சார்ட்டில் என் பேர் தெரிந்தது. அதைத் தாண்டி உள்ளே வரக் கால் வரவில்லை. அப்போது ஒரு அம்மா கைப்பிள்ளையோடு வெளியே வந்தார். "ஏம்மா, நீ இந்த ஸ்கூலா? மந்த வாயு ஏன் சண்டை போடாதுன்னு ஒரு பிள்ள சட்டையில பாத்தேன். விடையத் தேடுறதுக்குள்ள இவன் அழுது கூப்பாடு போட்டுட்டான். என்னம்மா அது?" என்று கேட்டார்.

"நமக்கெதுக்கு வினைன்னு" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டாவது தடவை சொன்னது என் காதுக்கே கேட்டது. அதற்கு மேல் அங்கே எப்படி நிற்பது என்று தெரியவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன்.

விஜய்ஆனந்த் அண்ணே வேறு ஆளைப் பற்றிப் பிறகு பேசவில்லை. இனிமேல் சீட்டைக் கட்டின் மேல் வைக்காமல் முதல் சட்டையின் கழுத்துக்குள் செருகச் சொல்லியிருக்கிறார். கவிழ்த்தாலும் அது கட்டோடு வரும்.

நீ சாரிடம் சொன்னதில் பாதி பொய். ஐந்து ஜோக்கும் என்னுடையது. வட்டம் என்னுடையது இல்லை. சீட்டு மாறியதில் வந்தது அது, கண்டுபிடித்தது நீ. அதைச் சாரிடம் சொல்லிவிடு. எனக்காகப் பொய் சொன்னாய் என்று தெரிகிறது. ஆனாலும் என்னுடையது இல்லாததில் என் பேர் இருந்தால் எனக்குச் சரியாக இல்லை. நீ சொல்லாவிட்டாலும் வார்டன் டீச்சர் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

நான் ஏன் சொல்லாமல் போனேன் என்று கேட்டாய். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போகவிட்டிருக்க மாட்டாய். அது மட்டும்தான். பெஞ்சைப் பற்றி நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. என்னைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

ஜோக்கை எடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. மூன்று தாளைக் கிழித்தாய் என்று எழுதியிருந்தாயே, அதில் பாதி போய்விட்டது.

அந்த ஆர்டரில் உதிரியாக ஒரு வெறும் சட்டை மிஞ்சியது. அண்ணே என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். டீச்சர் கறுப்பு ஸ்கெட்ச்சால் அடித்த கேள்வியை அதன் முன்பக்கம் அடித்திருக்கிறேன். துணியில் காய்ந்த மை ஸ்கெட்ச்சால் அழியாது. அழகுபாண்டி அண்ணேதான் இழுத்துக் கொடுத்தார். ஃப்ரேமைத் தூக்கிப் படித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விடை என்ன பாப்பா?" என்றார். அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. தண்ணீர் குடித்துவிட்டு, "யாரு யோசிச்சது இதெல்லாம்?" என்று கேட்டார்.

நான் என்றேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்குத் திண்டுக்கல் போகும் முன்னால் ஒருநாள் அவனியாபுரம் வா. ஸ்டாப்பில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அம்மா பார்த்தால் திட்டுவாள், வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்வேன். நீ இறங்கியதும் எடுத்துவிடுகிறேன்.

சட்டையின் பின்பக்கம் எதுவும் அடிக்கவில்லை. விடைதான் உன்னிடம் இருக்கிறதே.

ரம்யா